நிர்வாகமும் வழிபாடே
தி.சு. அவிநாசிலிங்கம் வாழ்விலிருந்து ஒரு பாடம்

சேவை என்றவுடன் அன்னதானமும் மருத்துவ முகாமும் நம் மனக்கண் முன் தோன்றுகின்றன. கணக்கேடு எழுதுதல், ஆசிரியர்களை நியமித்தல், அரசுக்கு விண்ணப்பம் அனுப்புதல், விடுதிக்கு அரிசி வாங்குதல் ஆகியவற்றை ஆன்மிக சாதனை என்று யாரும் எளிதில் எண்ணுவதில்லை. தொண்டர்களிடையேகூட, பஜனையில் அமர்பவருக்குக் கிடைக்கும் மரியாதை பற்றுச்சீட்டு எழுதுபவருக்குக் கிடைப்பதில்லை. 'இந்த வேலைகள் என் ஜபத்தைக் கெடுக்கின்றனவே' என்று நிர்வாகப் பொறுப்பில் உள்ள அன்பர்கள் வருந்துவதும் உண்டு. இந்த வருத்தம் உண்மையானதே. ஆயினும், ஜபமும் கணக்கேடும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்குக் கோவை மாவட்டத்தில் ஒரு முழு வாழ்க்கையே சான்றாக நிற்கிறது.

தி.சு. அவிநாசிலிங்கம் 1903 மே 5ஆம் நாள் திருப்பூரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்று, பின்னர் சட்டமும் கற்றார். சென்னை வாழ்க்கையில் மயிலாப்பூர் ஸ்ரீராமகிருஷ்ண மடத்தின் தொடர்பு ஏற்பட்டது. ஸ்ரீராமகிருஷ்ணானந்தரின் ஆசியுடன் ராமசாமி ஐயங்கார் 1905இல் தொடங்கிய மாணவர் இல்லம் அங்கே ஏற்கெனவே ஒரு முன்மாதிரியாக விளங்கியது. இல்லறத்தார் ஒருவர் தம் உழைப்பைக் கொடுத்து, ஏழை மாணவர்களுக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் கிடைக்கச் செய்த பணி அது. அவிநாசிலிங்கம் திருமணமே செய்துகொள்ளவில்லை. துறவுக் கோலம் பூணவும் இல்லை. வெண்ணிற ஆடையிலேயே இருந்து தம் வாழ்நாளைக் கல்விக்குக் கொடுத்தார்.

சிறையும் பள்ளியும்

1930இல் கோவையில், மிகச் சில மாணவர்களோடு ஸ்ரீராமகிருஷ்ண வித்யாலயம் தொடங்கப்பட்டது. உப்பு சத்தியாக்கிரகம் நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த ஆண்டு அது. தொடங்கிய நாள் முதலே ஹரிஜனக் குழந்தைகளும் மற்றக் குழந்தைகளும் ஒரே கூரையின்கீழ்த் தங்கி, ஒரே பந்தியில் உண்டனர். இன்று இதைப் படிப்பவர்க்கு இது இயல்பாகத் தோன்றலாம். கிணற்றடியில்கூடத் தீண்டாமை நிலவிய அந்நாளில், தம் பிள்ளையை இப்படிப்பட்ட விடுதியில் சேர்க்கப் பெற்றோருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்! அவர்களை நம்பவைக்கும் பொறுப்பு நிர்வாகியின் தோள்மீது விழுந்தது. எல்லா ஜீவர்களிலும் சிவன் உறைகிறான் என்னும் வேதாந்தம் அங்கே மேடையில் பேசப்படும் முன்பே சமையற்கூடத்தில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

1934இல் மகாத்மா காந்தி அடிக்கல் நாட்ட, வித்யாலயம் மேட்டுப்பாளையம் சாலையிலுள்ள பெரியநாயக்கன்பாளையத்தில் வேரூன்றியது. குருகுல முறைப்படி காலையும் மாலையும் பிரார்த்தனை நடந்தது. இடைப்பட்ட நேரத்தில் பாடம், கைத்தொழில், தோட்டவேலை, துப்புரவு ஆகிய அனைத்திலும் மாணவர்கள் ஈடுபட்டனர்.

இதற்கிடையே 1930 முதல் 1942 வரை நான்கு முறை அவிநாசிலிங்கம் சிறை சென்றார். இதில் நிர்வாகிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உள்ளது. சிறை செல்பவர் நடத்தும் பள்ளி, அவர் இல்லாத நாட்களிலும் நடந்தாக வேண்டும். எல்லாம் தம் கையிலேயே இருக்க வேண்டும் என்று பிடித்து வைத்திருப்பவரால் இது இயலாது. பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்தல், ஒப்படைத்தபின் மனம் பதறாதிருத்தல் ஆகிய இரண்டும் வேண்டும். 'நான் செய்கிறேன்' என்னும் எண்ணத்தை விடும்படி கீதை கூறுவதைத் தியான அறையில் அமர்ந்து பயில்வதைவிட, இப்படிப் பயில்வது கடினமானது.

பதவி வந்தபோது

1946இல் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சர் பதவி அவரைத் தேடி வந்தது. தாய்மொழிவழிக் கல்வியை உயர்நிலைப் பள்ளிகளில் வளர்ப்பதற்கு அவர் பாடுபட்டார். அதே ஆண்டில் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். அதன் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அதன் முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன் யார்? வித்யாலயத்தில் ஆசிரியராகப் பணிபுரிந்தவர்தான். ஒரு கிராமப் பள்ளியின் ஆசிரியரிடம் மறைந்திருந்த ஆற்றலைக் கண்டு, ஒரு மொழியின் முதல் பெருங்கலைக்களஞ்சியத்தை அவர் கையில் ஒப்படைக்க ஒரு கண் வேண்டும். அது நல்ல நிர்வாகியின் கண்.

1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டமும் அவரது அமைச்சுக்காலப் பணியே. நூலக மேதை எஸ்.ஆர். ரங்கநாதனின் நெடுநாள் முயற்சி அதன் பின்னே இருந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் இதுவே. சொத்துவரியோடு ஒரு சிறு நூலக வரியைச் சேர்த்து, அந்தப் பணத்தால் பொதுமக்களுக்கு நூலகம் அமைப்பதே அதன் ஏற்பாடு. அன்றைய சென்னை மாகாணத்தில் மலபார் மாவட்டமும் அடங்கியிருந்தது. கொச்சிக் கோட்டைப் பகுதி அந்த மாவட்டத்தைச் சேர்ந்தது. அதை ஒட்டிய மட்டாஞ்சேரியோ கொச்சி மன்னரின் சமஸ்தானத்தில் இருந்தது. நடந்தே சென்றுவிடக்கூடிய தூரத்தில், ஓர் ஊர் இந்தச் சட்ட எல்லைக்கு உள்ளும் மற்றோர் ஊர் வெளியிலும் அமைந்த விந்தையை அக்கால வரைபடம் காட்டுகிறது.

1949இல் அமைச்சர் பதவி முடிந்தது. பலருக்கு அதற்குப்பின் வாழ்க்கை வெறுமையாகிவிடும். அவருக்கு அவ்வாறு நேரவில்லை. மக்களவையிலும் மாநிலங்களவையிலும் பின்னர் பணியாற்றியபோதும், அவருடைய இல்லம் வித்யாலயமாகவே இருந்தது. 1950இல் ஆசிரியர் கல்லூரியும், 1956இல் கிராமிய உயர்கல்வி நிறுவனமும், 1964இல் கலைக் கல்லூரியும் அங்கே எழுந்தன. பெரிய அதிகாரத்தைச் சுவைத்தபின் விடுதியையும் வகுப்பறையையும் சிறியவை என்று எண்ணாதிருத்தல், பதவியைத் துறப்பதைக் காட்டிலும் அரிய துறவு என்றே சொல்லலாம்.

பெண்களுக்கு ஒரு கல்லூரி

1957இல் கோவையில் பெண்களுக்கென மனையியல் கல்லூரியை நிறுவினார். மனையியல் என்றால் சமையற்குறிப்பு என்று நகைத்தோர் இருந்திருக்கக்கூடும். குழந்தை வளர்ப்பு, சத்துணவு, கிராம சுகாதாரம் ஆகியவற்றை அறிவியலாகக் கற்பிப்பதே நோக்கம். ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பட்டம் பெற்ற சத்துணவியல் அறிஞர் ராஜம்மாள் பா. தேவதாஸ் இக்கல்லூரியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தபோது, அவரே முதல் துணைவேந்தரானார். தாம் தொடங்கியதைத் தகுதியுள்ள ஒரு பெண்மணியின் கையில் கொடுத்து, அவரை முன்னிறுத்திப் பின்னால் நிற்க நிறுவனருக்கு மனம் இருந்தது. சிறைக்காலத்தில் பயின்ற பாடம் முதுமையிலும் அவருக்குக் கைகொடுத்தது.

1970இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. 1991 நவம்பர் 21ஆம் நாள் அவர் காலமானார்.

மீண்டும் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். நிர்வாக வேலை ஜபத்தைக் கெடுக்கிறதா? கெடுக்கத்தான் செய்யும், அந்த வேலையை ஜபத்துக்கு வெளியே வைத்தால். மாணவனின் தட்டில் விழும் சோற்றின் அளவைச் சரிபார்ப்பவர், அந்தத் தட்டின் முன் அமர்ந்திருப்பவரை யாராகக் காண்கிறார் என்பதைப் பொறுத்தே அனைத்தும் அமையும். அவிநாசிலிங்கம் மறைந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2005இல் உருவான ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தர் பல்கலைக்கழகம், மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புக் கல்வித் துறையைப் பெரியநாயக்கன்பாளைய வளாகத்தில் அமைத்தது. கண்பார்வையற்ற குழந்தைக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியர்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள்.