பத்து வயதுக்குப் பதினோரு பேர் ஆட்டம் எதற்கு?

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் பிள்ளைகளுக்குக் கால்பந்து அணி தொடங்குகிறவர்கள் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. அடுத்து வரும் டோர்னமென்ட்டில் கப் வாங்குவதை இலக்காக வைக்கலாம். அல்லது ஒவ்வொரு பிள்ளைக்கும் அதன் வயதுக்கு ஏற்ற திறமையை இலக்காக வைக்கலாம். பன்னிரண்டு வயது வரைக்கும் இரண்டாவது வழிதான் சரி என்று உறுதியாகச் சொல்வேன். மற்ற ஊர்களைவிட இந்த ஊருக்கு அது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

இங்கே பிள்ளைகளின் வாரத்தைத் தீர்மானிப்பது அப்பா அம்மாவின் தொழிற்சாலை ஷிஃப்ட். இந்த வாரம் முதல் ஷிஃப்ட் என்றால் பிள்ளை மாலைப் பயிற்சிக்கு வரும்; அடுத்த வாரம் கூட்டி வர ஆள் இருக்காது. வேலை ஒப்பந்தம் முடிந்தால் குடும்பமே வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விடும். 2014 நவம்பரில் இங்கிருந்த நோக்கியா தொழிற்சாலை மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேறு வேலை தேட வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் ‘நம்ம டீம் இப்படித்தான் ஆடும்’ என்று ஆறு மாதம் ஃபார்மேஷன் சொல்லிக்கொடுத்தால், ஆறாவது மாதம் டீமில் பாதிப் பேர் புதுமுகங்களாக இருப்பார்கள். பந்தை அடக்கவும் திருப்பவும் இரண்டு காலாலும் உதைக்கவும் கற்ற பிள்ளையோ எந்த ஊருக்குப் போனாலும் அதைக் கூடவே கொண்டுபோகும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு ஃபார்மேஷனைத் தமிழில் விளக்குவது கடினம். பந்து வேலையைச் செய்து காட்டினாலே போதும்.

ஆறு முதல் எட்டு வரை

இந்த வயதில் ஒரே கேள்விதான்: வரிசையில் நிறுத்திப் பயிற்சி கொடுப்பதா, ஆட விடுவதா? ஆட விடுங்கள். பதினைந்து பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஒரு பந்தைக் கொடுத்தால், ஒருவன் உதைக்கப் பதினாலு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஆளுக்கொரு பந்து, அதன்பிறகு நாலுக்கு நாலு ஆட்டம், கீப்பர் வேண்டாம். பந்து மூன்றாம் எண் அளவில் இருக்க வேண்டும். பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்து 410 முதல் 450 கிராம் எடை இருக்கும். ஏழு வயதுக் காலுக்கு அது பாரம்.

எல்லாரும் பந்தைச் சுற்றி மொய்க்கிறார்களே, ‘பொசிஷன்! பொசிஷன்!’ என்று கத்தலாமா? வேண்டாம். அந்த வயதுக்கு மொய்ப்பது இயல்பு. வருஷ முடிவில் பிள்ளை பந்தோடு ஓடிப் போய், நின்று, திரும்பி வரத் தெரிந்திருந்தால் போதும்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை

பெரும்பாலான தவறான முடிவுகள் இந்த வயதுக் கட்டத்தில்தான் எடுக்கப்படுகின்றன. பிள்ளைகள் வேகமாகக் கற்கும் காலமும் இதுதான். தெரிவு பதினோரு பேர் ஆட்டமா, ஏழு பேர் ஆட்டமா என்பது.

பெரிய கோல் போஸ்ட்டின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். அதன் கீழே பத்து வயதுக் கீப்பரை நிறுத்திப் பாருங்கள். அவன் தலைக்கு மேலேயே ஒரு மீட்டருக்குக் குறையாமல் வெற்றிடம் இருக்கும். எதிரணியில் வளர்ந்த பையன் ஒருவன் தூரத்திலிருந்து உயரமாக ஓங்கி உதைத்தால் கோல். பாஸும் கிடையாது, டிரிப்ளிங்கும் கிடையாது. கப் வந்துவிடும். உதைத்தவனும் ஒன்றும் கற்கவில்லை, மற்ற பத்துப் பேரும் ஒன்றும் கற்கவில்லை.

இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2012இல் இதை மாற்றியது: ஏழு, எட்டு வயதுப் பிரிவுகளுக்கு ஐவர் ஆட்டம், பத்து வரை எழுவர், பன்னிரண்டு வரை ஒன்பதின்மர். அமெரிக்காவில் 2015இல் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் தலையால் முட்டுவதையே நிறுத்தினார்கள். நம் அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பும் 2018இல் ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ளவர்களுக்குக் கோல்டன் பேபி லீக் தொடங்கியபோது சின்ன மைதானம், குறைந்த ஆட்கள் என்ற வழியில்தான் போனது. உங்கள் ஊர் டோர்னமென்ட்காரர்கள் பத்து வயதுப் பிரிவுக்குப் பதினோரு பேர் கேட்டால், அந்த டோர்னமென்ட்டை விட்டுவிடலாம்.

இந்த நாலு வருஷத்துக்கு நான் வைக்கும் இலக்குகள் இவை. வருகிற பந்தை முதல் தொடுகையிலேயே அடக்குவது. எதிரே ஓர் ஆள் இருந்தால் அவனைத் தாண்டத் துணிவது. பலவீனமான காலாலும் பத்து மீட்டர் தூரத்துக்குச் சரியாகப் பாஸ் கொடுப்பது. பாஸ் கொடுத்தபின் நின்றுவிடாமல் காலி இடத்துக்கு ஓடுவது. இவற்றில் மூன்றையாவது பிள்ளை வீட்டு வாசலிலோ மாடியிலோ சுவரைக் கூட்டாளியாக வைத்தே பழகலாம். அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட் வந்த வாரத்திலும் இலக்கு கை நழுவாது. ஒவ்வொருவருக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, மாதம் ஒருமுறை குறித்துவையுங்கள். கீப்பர் உட்பட எல்லா இடத்திலும் எல்லாரையும் மாற்றி மாற்றி ஆடவிடுங்கள். பத்து வயதில் ‘இவன் டிஃபென்ஸ்’ என்று முத்திரை குத்துவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

வயது விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வயதுப் பிரிவு ஜனவரி முதல் தேதியை வைத்துப் போடப்படுகிறது. ஜனவரியில் பிறந்தவனுக்கும் டிசம்பரில் பிறந்தவனுக்கும் ஏறக்குறைய ஒரு வருஷ வளர்ச்சி வித்தியாசம் உண்டு. தேர்வில் பெரும்பாலும் பெரியவன்தான் கண்ணில் படுவான். உலகம் முழுக்க ஆய்வாளர்கள் கண்ட உண்மை இது. டிசம்பர் பிள்ளையை வெளியே அனுப்பும் முன் அவன் பந்தைத் தொடும் விதத்தைப் பாருங்கள். வயதைக் குறைத்துச் சான்றிதழ் வாங்கி ஆட வைக்கிறவர்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மேல்மட்டப் போட்டிகளில் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்ப்பார்கள். அன்றைக்கு அவமானப்படுவது பிள்ளைதான்.

பதிமூன்றுக்குப் பிறகு

இப்போது பதினோரு பேர், ஐந்தாம் எண் பந்து, நிலையான இடம், எல்லாம் வரலாம். ஆனால் பையன்களுக்குப் பதிமூன்று, பதினாலில் உயரம் திடீரென்று கூடும். நேற்று வரை அழகாக டிரிப்ளிங் செய்தவன் தடுமாறுவான்; முழங்காலுக்குக் கீழே வலி என்பான். அது சோம்பல் அல்ல, வளர்ச்சி. அந்தச் சில மாதங்களுக்கு ஓட்டத்தையும் தாவலையும் குறைத்துப் பந்து வேலையைக் கூட்டுங்கள். பதினைந்து, பதினாறில் ஜெயிப்பதை இலக்காக வைப்பதில் தப்பே இல்லை. 1960 முதல் நடக்கும் சுப்ரதோ கோப்பை பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டு. உங்கள் பள்ளியை அதற்குத் தயார்படுத்துங்கள்.

பெண் பிள்ளைகளைத் தனியாக ஆடவிடுவதா, சேர்த்தா? பன்னிரண்டு வரை சேர்த்தே ஆடட்டும், இலக்கும் ஒன்றே. அதற்கு மேல் தனி அணி, உடை மாற்ற மூடிய அறை, இருட்டுவதற்குள் வீடு. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018இல் மணிப்பூரைத் தோற்கடித்து தேசிய சீனியர் பட்டம் வென்றார்கள். இந்தியாவுக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை பார்க்கும் இந்த வட்டாரத்தில் அவர்களுடைய பெண் பிள்ளைகளுக்கு ஓர் அணிகூட இல்லாமல் போகக் கூடாது.

எங்கே, யாரிடம்

மணிக்கணக்கில் வாடகை வாங்கும் டர்ஃபா, பள்ளி மைதானமா, காய்ந்த ஏரி நிலமா? சின்னப் பிள்ளைகளுக்கு மூன்றும் சரிதான், கல்லும் கண்ணாடியும் பொறுக்கியிருந்தால். சென்னை வியாசர்பாடியின் நெருக்கடியான இடங்களில் ஆடி வளர்ந்த தனபால் கணேஷ் சென்னையின் எஃப்சி வரை போனார். கூடுதல் பணத்தை இடத்துக்குச் செலவழிக்க வேண்டாம், கோச்சுக்குச் செலவழியுங்கள். அகாடமியில் சேர்க்கும் முன் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். உங்கள் பிள்ளை ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை பந்தைத் தொடுகிறது, எவ்வளவு நேரம் வரிசையில் நிற்கிறது? கோச் தோற்ற அணியிடம் என்ன பேசுகிறார்? இவற்றைப் பார்த்தபின் சுவரில் மாட்டிய கப்களைப் பார்க்கலாம். மே மாதத்தில் காலை எட்டு மணிக்குமேல் பயிற்சி வைக்கிற இடத்தில் சேர்க்கவே வேண்டாம்.

தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கையாளும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் லோகோ போட்ட ஜெர்சியும் பரிசுக் கோப்பையும் இந்த வருஷம் வேண்டாம். அந்தப் பணத்தில் மூன்றாம் எண், நாலாம் எண் பந்துகளும் நகர்த்தி வைக்கக்கூடிய சின்ன கோல் போஸ்ட்டுகளும் வாங்கி, அருகில் இருக்கும் அரசுப் பள்ளிகளுக்குக் கொடுங்கள். ஆளுக்கொரு பந்து வருகிற அளவுக்குக் கொடுங்கள்.