காப்புப் படி

இல்லங்களிற் பயன்படும் கணிப்பொறிகளில் இக்காலத்து மக்கள் சேர்த்து வைத்திருக்கும் செல்வம் பலவகைப்பட்டது. குழந்தையின் முதற் பிறந்தநாள் நிழற்படம், மறைந்த பாட்டியாரின் குரற்பதிவு, வரிக் கணக்கு, மாணவன் எழுதிய கட்டுரை ஆகிய யாவும் அப்பெட்டியினுள் ஒருங்கே உறைகின்றன. பெட்டி பழுதுற்றால் கடையில் வேறொன்று வாங்கலாம். பாட்டியாரின் குரலை எக்கடையிலும் வாங்க இயலாது.

அக்குரல் தங்கியிருக்கும் இடம் வன்தட்டு எனப்படும். காந்தப் பொருள் பூசிய வட்டத் தகடுகள் அதனுள் நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. எழுதவும் படிக்கவும் உதவும் முனை, தகட்டைத் தொடாமல், மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் மிதந்து செல்கின்றது. அம்முனை தகட்டில் உராயுமாயின் அவ்விடத்தில் எழுதப்பட்டவை அழிந்தொழியும். அசையும் உறுப்பு யாதுமில்லாத புதுவகைச் சேமிப்பான்கள் இப்போது பெருகியுள்ளன. அவையும் சாவா வரம் பெற்றவை அல்ல; முன்னறிவிப்பு எதுவுமின்றி ஒரே நாளில் முடங்கிப் போதலும் உண்டு.

இவ்விழப்பினின்றும் தப்புதற்குரிய வழி படியெடுத்து வைத்தலேயாம். வேண்டிய கோப்புகளை மட்டும் வேறிடத்தில் எழுதி வைத்தல் ஒரு முறை. இது எளியது, ஆயினும் குறையுடையது. கணிப்பொறியை எழுப்பி நடத்தும் இயங்குதளமும், அதன்மேல் நிறுவிய மென்பொருள்களும், தட்டின் தொடக்கத்தில் மறைவாக எழுதப்பட்டுள்ள குறிப்புகளும் இப்படியில் வந்து சேரா. வீட்டை விட்டுவிட்டுப் பண்டங்களை மட்டும் எடுத்துச் செல்வதை இது ஒக்கும்.

வீட்டையே அடித்தளத்தோடு பெயர்த்து எடுப்பது போன்றது மற்றொரு முறை. வன்தட்டு எண்ணற்ற சிறு கூறுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. பழைய தட்டுகளில் கூறொன்று 512 பைட் கொள்ளும். புதியவற்றுட் பல 4,096 பைட் கொள்வன. முழுப்படி எடுக்கும் மென்பொருள் கோப்பின் பெயரைக் கேட்டுச் செல்வதில்லை. கூறு கூறாகப் படித்து, அனைத்தையும் ஒரே பெருங்கோப்பாக எழுதிவிடுகின்றது. வெற்றுக் கூறுகளை விடுத்து, எஞ்சியவற்றைச் சுருக்கியும் எழுதுவதால், படியானது பெரும்பாலும் தட்டின் கொள்ளளவினும் சிறியதாகவே அமையும்.

நியூசிலாந்தில் மர்ரே ஹசார்ட் என்பார் இத்தகைய மென்பொருள் ஒன்றை 1990களில் ஆக்கினார். அதற்குக் ‘கோஸ்ட்’ என்று பெயர். அச்சொல்லுக்குப் பேய் என்பது பொருள். பெயர் அச்சுறுத்தினும் பணி நற்பணியே. அமெரிக்க நிறுவனமாகிய சைமன்டெக் 1998இல் அதனை விலைக்கு வாங்கியது. 2013இல் அதன் விற்பனை நின்றது. தைவான் நாட்டில் உருவாகிய ‘குளோன்சில்லா’ போன்ற விலையில்லா மென்பொருள்கள் இன்று கிடைக்கின்றன.

படியெடுக்கும்போதே கணிப்பொறி இயங்கிக்கொண்டிருந்தால், பாதி பழையதும் பாதி புதியதுமாகப் படி அமைந்துவிடாதோ என்னும் ஐயம் எழலாம். அது நியாயமான ஐயமே. விண்டோஸ் இயங்குதளம் ஒரு குறித்த கணத்தின் நிலையை அப்படியே நிறுத்திக் காட்டுகின்றது. அதன்பின் ஒரு பகுதி மாறப்போகுமாயின், அதன் பழைய உள்ளடக்கத்தை முதலில் வேறிடத்தில் ஒதுக்கிவிட்டே மாறுதலை அது ஏற்கும். குளோன்சில்லாவோ பென்டிரைவிலிருந்து தானே இயங்கித் தட்டினை உறங்கவிட்டுப் படியெடுக்கும்.

எடுத்த படியை அதே தட்டில் வைத்தல் பயனற்றது. புறத்தே இணைக்கும் தட்டில் எழுதுதல் வேண்டும். எழுதியபின் அதனைக் கழற்றியும் வைத்தல் வேண்டும். 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் பரவத் தொடங்கிய ‘வானாகிரை’ என்னும் தீநிரல், கோப்புகளைப் பூட்டிவிட்டு மீட்புப் பணம் கேட்டது. இணைந்திருந்த புறத்தட்டுகளையும் அது விட்டுவைக்கவில்லை.

படி இருக்கின்றது என்னும் நம்பிக்கை வேறு, படி இருத்தல் வேறு. 1998இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிக்சார் நிறுவனத்தார் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் திரைப்படத்தை உருவாக்கி வந்தனர். ஒரு நாள் எவரோ அனைத்தையும் அழிக்கும் கட்டளையைத் தவறான இடத்தில் இட்டுவிட்டார். திரையில் நாயகப் பொம்மையின் தொப்பி மறைந்தது; பின்னர்க் காலணி மறைந்தது; பின்னர்ப் பொம்மையே மறைந்தது. இதனைக் கண்ணுற்ற ஓரன் ஜேகப், இயந்திரத்தின் மின்னிணைப்பை உடனே பிடுங்குமாறு தொலைபேசியிற் கூவினார். அதற்குள் படத்தின் 90 விழுக்காடு அழிந்துவிட்டது. ‘காப்புப் படி உண்டே’ என்று அவர்கள் தேறினர். படியைத் திறந்தபோதோ, படியெடுக்கும் ஏற்பாடே செவ்வனே நடைபெறவில்லை என்பது வெளிப்பட்டது. முன்னரே எவரேனும் ஒருவர் அதனைத் திறந்து பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். 30 பேர் ஓராண்டு முழுதும் உழைத்தாலன்றி இழந்ததை ஈடுசெய்ய இயலாது என்று அவர்கள் கணக்கிட்டனர்.

அந்நிலையில் கேலின் சுஸ்மன் என்னும் அம்மையார் ஒன்றை நினைவுகூர்ந்தார். மகப்பேற்றிற்குப் பின் இல்லத்திலிருந்தே பணியாற்றும் பொருட்டு, படத்தின் கோப்புகள் அனைத்தும் வாரம் ஒருமுறை தம் வீட்டுக் கணிப்பொறிக்கு வந்துசேருமாறு அவர் செய்திருந்தார். உடனே இருவரும் விரைந்து சென்றனர். அக்கணிப்பொறியைப் போர்வைகளாற் சுற்றி, காரின் பின்னிருக்கையில் வைத்து, பள்ளம் மேடு பார்த்து மெல்ல ஓட்டி வந்தனர். படம் பிழைத்தது; 1999 நவம்பரில் திரையரங்குகளுக்கு வந்தது.

இல்லத்திற் படியெடுப்போர் அதனைச் சோதித்தல் அரிய செயலன்று. படிக்கோப்பைத் திறந்து, அதனுள் உள்ள நிழற்படம் ஒன்றையோ பதிவு ஒன்றையோ வெளியே எடுத்துப் பார்க்கலாம். கணிப்பொறி நலமாயிருக்கும்போதே மீட்புக்குரிய பென்டிரைவை ஆயத்தம் செய்து, அதிலிருந்து கணிப்பொறி எழுகின்றதா என்றும் காணலாம். மாற்றுத் தட்டொன்று கையிலிருப்பின் அதில் முழுப்படியையும் எழுதிப் பார்ப்பதே தலைசிறந்த சோதனை. அத்தட்டு பழையதற்கு நிகரான அளவோ அதனினும் பெரிய அளவோ உடையதாயிருத்தல் நன்று. எழுதி முடிக்கச் சில மணி நேரமும் ஆகலாம். பின்னர் அத்தட்டைப் பொருத்தி இயக்கினால், படியெடுத்த நாளில் இருந்த அதே திரை தோன்றும். பாட்டியாரின் குரலும் முன்பிருந்த இடத்திலேயே இருக்கும்.