கடைக்கு வராத எழுத்து

அன்புள்ள மருமகளுக்கு,

கோணேசபுரியில் உள்ள பல்கலைக்கழக வளாக நூலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டாய் என்று அம்மா சொன்னார். எண்ணிமக் களஞ்சிய வேலையை உன்னிடம் தந்திருக்கிறார்களாம். மிகவும் சந்தோஷம்.

அந்தக் களஞ்சியத்தில் சேர வேண்டிய, புத்தகக் கடைக்கே வராத எழுத்து நிறைய உண்டு: ஆய்வேடு, திட்ட அறிக்கை, கணக்கெடுப்பு, கோயில் மலர், பாடசாலை ஆண்டு மலர். நூலகத்துறையில் இதைச் சாம்பல் இலக்கியம் என்பார்கள். நமது திருகோணமலை மாவட்டத்தைப் பற்றித் தெரிய வேண்டியவற்றில் பெரும்பங்கு இதற்குள்தான் கிடக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு எத்தனை நிறுவனங்கள் இந்தக் கரைக்கு வந்து, இழந்த வள்ளங்களையும் உவர்ந்துபோன கிணறுகளையும் கணக்கெடுத்து எழுதின! நிதி முடிந்தது, அலுவலகங்கள் மூடப்பட்டன, எழுதியவை போன இடம் தெரியவில்லை.

சம்பூரை எடுத்துக்கொள். அங்கே வரவிருந்த 500 மெகாவாட் நிலக்கரி அனல்மின் நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. இப்படியான திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை எழுதி, 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது சட்டம். திட்டம் போய்விட்டாலும், அந்த அறிக்கைக்காகத் திரட்டிய விபரங்கள் பழுதாவதில்லை. நாளைக்கு அதே கரையில் வேறொரு திட்டம் வந்தால், முன்பு இந்த இடம் எப்படி இருந்தது என்று சொல்ல மக்களின் கையில் வேறென்ன இருக்கும்? களஞ்சியம் ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்.

மென்பொருள் பெரிய பிரச்சினை இல்லை. எம்.ஐ.டி.யும் எச்.பி. நிறுவனமும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட டீஸ்பேஸ் இலவசம்; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் அதைத்தான் பாவிக்கிறது. கஷ்டம் ஒவ்வொரு ஆவணத்துக்கும் விபரக் குறிப்பு எழுதுவதில் இருக்கிறது. கோப்பை ஏற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதே. நம்மூர்த் தமிழ் அறிக்கைகளில் பல பாமினி எழுத்துருவில் அடித்தவை. திரையில் 'திருகோணமலை' என்று அழகாகத் தெரியும். பிரதி எடுத்து ஒட்டிப் பார், அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள் வரிசையாக வந்து விழும். தேடுபொறிக்குத் தெரிவதும் அந்த எழுத்துகள்தான். ஆகவே தலைப்பையும் சுருக்கத்தையும் ஒருங்குறியில் நீயே தட்டச்சு செய்.

தலைப்பு வெறுமனே 'இறுதி அறிக்கை' என்றிருந்தால் அப்படியே பதியாதே. எந்த ஊர், எந்த ஆண்டு, எதைப் பற்றி என்று அடுத்த வரியில் சேர். கொட்டியாரக் குடாவை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள், பழைய தாள்களில் கொட்டியாபுரம் என்றும் வரும். அத்தனையையும் திறவுச்சொற்களில் போடு. கரைவலை மீன்பிடி பற்றியது ஆங்கில அறிக்கையானாலும் 'கரைவலை' என்ற சொல்லைத் தமிழில் சேர்த்துவிடு. கிண்ணியாவில் ஒரு கரைவலைச் சம்மாட்டியின் மகள் அந்தச் சொல்லைக் கொண்டுதான் தேடுவாள்.

உங்கள் வளாகத்திலேயே இருப்பதில் தொடங்கு. சித்த மருத்துவ பீட மாணவர்களின் ஆய்வேடுகள் வேறெங்கும் கிடைக்காதவை. மலர்களை ஸ்கேன் செய்ய முன் நூலகம் நிறுவனத்தின் தளத்தைப் பார். 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை அவர்கள் சேர்த்து வருகிறார்கள். ஏற்கெனவே இருப்பதைத் திரும்பச் செய்து நேரத்தை வீணாக்காதே.

சும்மா கொடுத்த அறிக்கைக்கும் பதிப்புரிமை உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை அது நீடிக்கும். ஆகவே அனுமதியை எழுத்தில் வாங்கு.

இன்னொன்றும் இருக்கிறது. இதில் நீ மிகவும் கவனமாக இருக்க வேண்டும். இடம்பெயர்ந்தோர் பற்றிய அறிக்கைகளின் பின்னிணைப்பில் குடும்பத் தலைவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், முகாம் விபரம் எல்லாம் இருக்கலாம். நிவாரணத்துக்காகக் கொடுத்தவற்றை உலகமே பார்க்க அவர்கள் சம்மதிக்கவில்லை. அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டு அறிக்கையை ஏற்று. எந்தப் பக்கங்களை, ஏன் எடுத்தாய் என்பதை விபரக் குறிப்பில் எழுது. முழுப் பிரதியை நூலகரிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொல்.

அன்புடன்,
மாமா