அவசர இரவுக்கு மெல்லிய போர்க் சாப்ஸ்

அரை அங்குலக் கனத்துக்குள் வெட்டிய போர்க் சாப்ஸ் 30 நிமிடம் ஊறினாலே போதும். அரைக் கிலோ கறிக்குப் பூண்டு விழுது, மிளகுத்தூள் தலா 1 தேக்கரண்டி, சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, கொஞ்சம் எண்ணெய். சோயா சாஸிலேயே உப்பு இருக்கிறது, தனியாக வேண்டாம். எலுமிச்சைச் சாறு சேர்த்தால் ராத்திரி முழுக்க ஊறவிடாதீர்கள், மேல்புறம் கொழகொழத்துவிடும்.

ஓரத்துக் கொழுப்பை இரண்டு மூன்று இடத்தில் கத்தியால் கீறிவிடுங்கள். இல்லாவிட்டால் சூட்டில் கறி கிண்ணமாகக் குழிந்து, நடுப்பகுதி கல்லில் படாது.

பலரும் விட்டுவிடுவது இதைத்தான்: அடுப்பில் போடும் முன் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். ஈரக் கறி ஆவியில் வெந்து வெளுத்துப்போகும், பொன்னிறமே வராது. இரும்புத் தோசைக்கல் நன்கு காய்ந்து, எண்ணெய் மினுங்கியதும் இடம் விட்டு இரண்டிரண்டாகப் போடுங்கள். பக்கத்துக்கு 2 நிமிடம், அசைக்காமல். தேனோ சர்க்கரையோ கலந்திருந்தால் தீயைக் குறையுங்கள், சீக்கிரம் கருகும். உள்சூடு 63 டிகிரி செல்சியஸைத் தொட்டதும் இறக்கி, 3 நிமிடம் அப்படியே விடுங்கள்.

பச்சைக் கறி ஊறிய மசாலாவை நன்றாகக் கொதிக்க வைக்காமல் மேலே ஊற்றவே கூடாது.