சிறுகக் கட்டிப் பெருக வாழ்வோம்
(பத்தாம் வகுப்பு மாணவி)



கரிசல் பூமியில் பிறந்த நமக்கு ஒரு செய்தி சொல்லாமலே தெரியும். நம் ஊரில் செலவு மழைக்கு முன்பே வந்துவிடும். வரவோ மழைக்குப் பிறகுதான் வரும். இந்த இரண்டிற்கும் நடுவே உள்ள சில மாதங்களில்தான் கடன் என்பது மெல்ல வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. அந்தக் கடனைப் பற்றியும், அதை வெல்லும் வழிகளைப் பற்றியும் நாம் கற்றுக்கொண்டவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நாங்கள் எழுதிய கணக்கு

சென்ற ஆவணி மாதத்தில் எங்கள் கணக்குப் பாட அருட்சகோதரி ஒரு வேலை கொடுத்தார்கள். வட்டிக் கணக்குகளைப் புத்தகத்தில் மட்டும் போட்டால் போதாது, ஒரு மாதம் உங்கள் வீட்டு வரவு செலவை எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். நாங்கள் ஆறு பேர் ஒரு குழுவாகச் சேர்ந்து எழுதினோம். எங்களில் சிலருடைய தந்தையர் மானாவாரி விவசாயிகள். சிலருடைய தாயார் தீப்பெட்டி ஆபீசுக்கும் கடலை மிட்டாய்க் கடைக்கும் வேலைக்குப் போகிறவர்கள். ஒருத்தியின் தந்தை மில் தொழிலாளி.

அரிசி, பருப்பு, எண்ணெய், பால், பஸ் கட்டணம், கைப்பேசி ரீசார்ஜ், மருந்து என்று ஒவ்வொன்றாக எழுதினோம். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தபோது, ஆறு வீட்டில் நான்கு வீட்டின் கணக்கு நேராகவில்லை. எழுதிய செலவைவிடக் கையிலிருந்து போன பணம் அதிகமாக இருந்தது. விட்டுப்போன செலவு எது என்று அம்மாமாரைக் கேட்டோம். அந்த நான்கு வீட்டிலும் ஒரே விடைதான் கிடைத்தது. அது வட்டி! "அது செலவா? மாசம் தவறாமக் கட்டுறதுதானே" என்றார் ஒரு தோழியின் தாயார்.

இதுவே நாங்கள் கற்ற முதற்பாடம். வட்டியும் ஒரு செலவே. அதை எழுதாத வரையில் அது கண்ணுக்குத் தெரியாது.

ஏன் கடன் வருகிறது?

கடன் வாங்குகிறவர்கள் எல்லாரும் ஊதாரிகள் என்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. நம் வட்டாரத்தின் பஞ்சாங்கத்தைப் பார்த்தாலே உண்மை விளங்கும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கட்டணமும் சீருடையும் வாங்க வேண்டும். ஆகஸ்டு 15இல் காமநாயக்கன்பட்டி பரலோக மாதா திருவிழா வருகிறது. புரட்டாசியில் உழவுக்கும் விதைக்கும் உரத்துக்கும் பணம் வேண்டும். அதையடுத்துத் தீபாவளி, பின்னர் கிறிஸ்துமஸ் வந்துவிடுகின்றன. உளுந்தும் பாசிப்பயறும் வீடு வந்து சேர மார்கழி, தை ஆகிவிடும். பருத்தியும் மிளகாய் வற்றலும் காசாக மாசி, பங்குனி ஆகும். ஆக, ஆறேழு மாதச் செலவை, இன்னும் விளையாத வெள்ளாமையை நம்பியே செய்கிறோம். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் ஏமாற்றினாலும், அறுவடை நேரத்தில் கொட்டித் தீர்த்தாலும் கடன் அடுத்த ஆண்டுக்குத் தாவிவிடுகிறது.

விவிலியத்தில் யோசேப்பு எகிப்து நாட்டில் செய்ததும் இதற்கான மருந்தே. ஏழு செழிப்பான ஆண்டுகளின் தானியத்தைச் சேர்த்துவைத்து, ஏழு பஞ்ச ஆண்டுகளை அவர் கடத்தினார். நம் பாட்டிமார் குதிரில் தானியம் சேர்த்ததும் அதே அறிவுதான்.

பலவகைக் கடன்கள்

நம் பக்கத்தில் வழங்கும் கடன்களை அறிந்துகொள்வது நன்று.

முதலாவது நகை அடகு. நம் பெண்களின் கழுத்துச் சங்கிலியே நம் வீட்டு வங்கி என்றால் மிகையாகாது. அடகுக்கடை நடத்துவோர் 1943ஆம் ஆண்டின் அடகுக்கடைக்காரர் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். அடகுச் சீட்டும் தர வேண்டும். வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி 2025 ஜூன் மாதம் புதிய விதிகளை வெளியிட்டது. 2026 ஏப்ரல் முதல் நாளுக்குள் நடைமுறைக்கு வர வேண்டிய அவ்விதிகளின்படி, இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 விழுக்காடு வரை கொடுக்கலாம். கடனை முழுவதும் அடைத்தபின் ஏழு வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும்.

இரண்டாவது ஒத்தி. நிலத்தையோ வீட்டையோ ஒருவரிடம் ஒப்படைத்துப் பணம் பெறுவது இது. வட்டி கிடையாது, வட்டிக்குப் பதிலாக அவர் நிலத்தின் விளைச்சலை அனுபவிப்பார், அல்லது வாடகையின்றிக் குடியிருப்பார். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதனைச் சுவாதீன அடமானமாக ஏற்கிறது. வாங்கிய பணத்தைக் கொடுத்துச் சொத்தை மீட்கும் உரிமை உரியவருக்கு உண்டு. ஆனால் ஒத்திப் பத்திரத்தைப் பதிவு செய்வது மிக அவசியம். ஒத்தி என்று வாயால் சொல்லிவிட்டுக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவோரும் உண்டு. ஆதலால் பத்திரத்தின் தலைப்பையும் உள்ளே எழுதியிருப்பதையும் படித்துப் பாராமல் கையொப்பமிடலாகாது. வெற்றுத் தாளில் ஒருபோதும் கையொப்பம் வேண்டாம்.

மூன்றாவது தண்டல். பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று பேசி, முதலிலேயே 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் தருவார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். பார்வைக்கு 15 விழுக்காடு போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு நாளும் அசல் குறைந்துகொண்டே வருவதையும், தவணை நூறே நாள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஆண்டு வட்டி நூறு விழுக்காட்டையும் தாண்டிவிடுகிறது.

நான்காவது கந்துவட்டி. நூற்றுக்குப் பத்து ரூபாய் மாத வட்டி என்றால், பத்தே மாதத்தில் அசல் அளவு பணம் வட்டியாகவே போய்விடும். அசலோ அப்படியே நிற்கும். 2017 அக்டோபரில், கந்துவட்டி குறித்து மனுக் கொடுத்து வந்த ஒரு குடும்பத்தினர், சிறு குழந்தைகள் உட்பட, திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்கு இரையான துயரத்தை நம் பெற்றோர் இன்னும் மறக்கவில்லை. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே அதீத வட்டி வசூலித்தலைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. தின வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றையும் அச்சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இக்கொடுமைக்கு ஆளானோர் காவல் நிலையத்திலும் ஆட்சியரிடமும் முறையிடலாம். கடன்பட்டது குற்றமன்று, அஞ்சி மறைந்திருக்க வேண்டியதில்லை.

ஒரு சங்கிலியின் கதை

இனி, எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டுக் கணக்கைச் சொல்கிறோம். அவளுடைய இசைவோடும், அவள் தாயாரின் இசைவோடும், பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறோம்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவச் செலவுக்காக அவள் தாயார் இரண்டு பவுன் சங்கிலியை ஒரு தனியாரிடம் 40,000 ரூபாய்க்கு அடகு வைத்தார். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. மாதம் 800 ரூபாய். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. மூன்றாண்டில் அவர் கட்டிய வட்டி 28,800 ரூபாய். அசல் 40,000 அப்படியே இருந்தது. அசைவே இல்லை!

இதே கணக்கை அருட்சகோதரி கரும்பலகையில் வேறு விதமாகப் போட்டுக் காட்டினார்கள். நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்பது ஆண்டுக்கு 24 விழுக்காடு. வங்கியில் ஆண்டுக்கு 9 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், மாத வட்டி நூற்றுக்கு முக்கால் ரூபாய்தான். 40,000 ரூபாய்க்கு 300 ரூபாய். அங்கும் அதே 800 ரூபாயைக் கட்டியிருந்தால், முதல் மாதத்திலேயே 500 ரூபாய் அசலில் கழிந்திருக்கும். மூன்றாண்டு முடிவில் மீதிக் கடன் ஏறத்தாழ 19,400 ரூபாயாக இறங்கியிருக்கும். ஐந்தேகால் ஆண்டில் சங்கிலி வீட்டுக்கே வந்திருக்கும். கட்டும் பணம் இரண்டு இடத்திலும் ஒன்றே.

வகுப்பே அமைதியாக இருந்தது. எங்கள் தோழி மட்டும் தலை குனிந்து அந்தக் கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டாள். அன்றிரவு அதைத் தாயாரிடம் காட்டினாள். அடுத்த வாரம் அவளுடைய மாமா ஒரு நாளைக்கு 40,000 ரூபாய் கைமாற்றாகத் தந்தார். காலையில் நகையை மீட்டு, நண்பகலில் வங்கியில் வைத்து, மாலையில் மாமாவின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இப்போதும் மாதம் 800 ரூபாய்தான் கட்டுகிறார்கள். ஆனால் அசல் குறைகிறது.

கருணையால் பிறந்த அடகுக்கடை

ஏழைகளை வட்டிக் கொடுமையிலிருந்து மீட்க நம் திருச்சபையும் பாடுபட்டிருக்கிறது. இத்தாலி நாட்டில் பெரூஜியா நகரில் 1462ஆம் ஆண்டு பிரான்சிஸ்கன் துறவியரின் முயற்சியால் ஓர் அடகு நிலையம் தொடங்கப்பட்டது. 'இரக்கக் குன்று' என்று பொருள்படும் பெயரோடு இத்தகைய நிலையங்கள் பல நகரங்களிலும் பரவின. நிலையத்தை நடத்தும் செலவுக்கு வேண்டிய சிறு தொகையை மட்டுமே பெற்றார்கள். அதைப் பெறலாமா என்ற விவாதத்திற்கு 1515ஆம் ஆண்டு ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் முடிவு கட்டி, அதற்கு ஒப்புதல் தந்தது.

நம் நாட்டில் பிரடெரிக் நிக்கல்சன் என்ற ஆங்கில அதிகாரி, உழவர் கடனைப் பற்றி ஆராய்ந்து 1895, 1897ஆம் ஆண்டுகளில் சென்னை அரசுக்கு அறிக்கை தந்தார். ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் தொடங்கிய கிராமக் கூட்டுறவுச் சங்கங்களை அவர் எடுத்துக்காட்டினார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் சங்கம் தோன்றியது. நம் மாவட்டத் தலைநகரான தூத்துக்குடியில் 1921இல் நாடார் வங்கியாகத் தொடங்கியதே இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. பக்கத்து விருதுநகரில் 1889இல் தோன்றிய சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் பிடி அரிசி சேர்த்தார்கள். சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்த தாய்மார்களின் சேமிப்பு ஒரு பள்ளியையே தாங்கியது!

நாம் செய்யக் கூடியவை

1. வீட்டுக் கணக்கை நாள்தோறும் எழுதுவோம். வட்டிக்கென்று தனிப் பத்தி போடுவோம்.

2. செலவு போக மிஞ்சியதைச் சேமிப்பது என்று இராமல், வரவு வந்த அன்றே ஒரு பங்கைச் சேமித்துவிட்டு மிச்சத்தைச் செலவு செய்வோம். சனிக்கிழமைக் கூலி வாங்கும் வீட்டில் இது எளிது. நாளொன்றுக்கு 20 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 7,300 ரூபாய் ஆகிறது. ஜூன் மாதச் செலவுக்கு அது கைகொடுக்கும்.

3. அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் இயங்குகிறது. மாதம் 100 ரூபாயிலிருந்து தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கலாம். பத்து வயதுக்கு உட்பட்ட தங்கைமார் பெயரில், 2015இல் தொடங்கப்பட்ட செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் ஆண்டுக்கு 250 ரூபாய் முதல் கட்டலாம்.

4. சீட்டுச் சேருவதானால், 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேட்போம். தெரிந்தவர் என்பதற்காக மட்டும் பணம் கட்டலாகாது.

5. வீடு கட்டக் கடன் வாங்கினால் தவணைக் காலத்தைக் கவனிப்போம். பத்து லட்சம் ரூபாயை 9 விழுக்காட்டில் 20 ஆண்டில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 9,000 ரூபாய். மொத்தம் சுமார் 21 லட்சத்து 60 ஆயிரம் கட்டுகிறோம். 15 ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் 10,150 ரூபாய். மொத்தம் சுமார் 18 லட்சத்து 26 ஆயிரம். மாதம் 1,150 ரூபாய் கூடுதலாகக் கட்டுவதால் மூன்று லட்சத்துக்கு மேல் மிச்சமாகிறது.

6. கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமானால், விதைக்கும் கல்விக்கும் மருத்துவத்திற்கும் வாங்குவோம். பயிர்க்கடனுக்கு முதலில் கூட்டுறவுச் சங்கத்தை நாடுவோம். ஊர் மெச்ச வேண்டும் என்பதற்காக விழாவுக்கும் விருந்துக்கும் கடன் வாங்காமல், விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும் என்று பெற்றோரிடம் அன்போடு எடுத்துச் சொல்வோம். புதுச் சீருடை இந்த ஆண்டு வேண்டாம், பழையதே போதும் என்று நாமே சொல்லிவிட்டால் அதுவும் ஒரு சேமிப்பே.

முடிவுரை

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று ஆண்டவர் இயேசு கேட்டார். குடும்பமும் ஒரு கோபுரமே. அதைக் கட்டும் வேலையில் அப்பாவும் அம்மாவும் மட்டும் வியர்வை சிந்த, நாம் படித்த கணக்கைத் தேர்வுத் தாளிலேயே விட்டுவிட்டு வரலாமா?

எங்கள் தோழியின் தாயார் வங்கி ரசீதை மாதா படத்தின் பின்னால் வைத்திருக்கிறார். ஒவ்வொரு மாதமும் மகள்தான் மீதித் தொகையைப் பென்சிலால் எழுதுகிறாள். அது முதல் தடவையாகக் குறைந்த அன்று, "பாஸாகிட்டோம் தாயி" என்றாராம் அம்மா. பொதுத்தேர்வுக்கு முன்பே கிடைத்த அந்தத் தேர்ச்சியை நம் ஒவ்வொருவர் வீட்டிலும் காண உறுதி கொள்வோமாக!