இரத்த நோயும் குடும்ப மருத்துவரும்

இரத்த நோயால் துன்புறுவோர் முதலில் நாடுவது எங்கள் துறையை அன்று. தம் ஊரிலுள்ள குடும்ப மருத்துவரையே. ஓயாத களைப்பு, வெளிறிய முகம், ஈறுகளில் கசியும் இரத்தம் ஆகியவற்றை முதலில் காண்பவர் அவர்தாம். இரத்த நோய்களில் அவருக்கு எந்தப் பகுதியில் கூடுதல் பயிற்சி தேவை என்பது, ஆதலால், நோயாளர்களையும் அவர்தம் குடும்பத்தாரையும் நேரே தொடும் செய்தியாகும்.

‘எதைக் கற்க விரும்புகிறீர்கள்?’ என்று மருத்துவர்களையே கேட்பது ஒரு வழி. அவ்வாறு கேட்டால் அரிய நோய்களும் புதிய மருந்துகளும் முன்னே வருவது இயல்பு. ஆனால் நன்கு தெரிந்தது என்று ஒருவர் கருதும் இடத்தில் உள்ள இடைவெளியை அவரே சுட்டிக்காட்ட இயலாது. அதனைக் காட்டுபவை அவர் எழுதும் பரிந்துரைக் கடிதங்களும், நோயாளர் பையில் கொண்டுவரும் பழைய மருந்துச் சீட்டுகளுமே.

இரத்தசோகையை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் அதற்கு மிகப் பெரிய காரணம் இரும்புச்சத்துக் குறைவு. எனவே இரும்புச்சத்து மாத்திரையுடன் தொடங்குவதில் தவறில்லை. முறையாக உட்கொண்டால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராமேனும் உயர வேண்டும். உயராவிடில் என்ன செய்வது என்பதே கற்க வேண்டிய பாடம். மாத்திரையைத் தேநீருடன் விழுங்கினாரா, மூலத்தினாலோ மிகுந்த மாதவிலக்கினாலோ இரத்தம் இழக்கிறாரா என்று வினவ வேண்டும். அவை இல்லையெனில், பெற்றோர் வழி வந்த தலசீமியாக் கூறு உண்டா என்று ஐயுற வேண்டும்.

அந்த ஐயத்தை எழுப்புவதற்குப் பெரும் செலவு தேவையில்லை. சாதாரண இரத்தப் பரிசோதனைத் தாளிலேயே குறிப்பு இருக்கிறது. இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்து, எண்ணிக்கையிலும் குறைவது வழக்கம். தலசீமியாக் கூறு உடையவருக்கோ அணுக்கள் சிறுத்திருந்தும் எண்ணிக்கை மிகுந்திருக்கும். அணுவின் சராசரி அளவாகிய எம்.சி.வி.யை, மில்லியனில் கூறப்படும் சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 13-க்குக் குறைந்தால் தலசீமியாக் கூறின் பக்கம் சாய்கிறது. எடுத்துக்காட்டாக 64-ஐ 5.8-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 11. இது வழிகாட்டுமேயன்றி முடிவாகாது. ஃபெரிட்டின் அளவையும், ஹீமோகுளோபின் ஏ2 அளவையும் பார்த்தே முடிவு கூறுவோம். இரும்புச்சத்துக் குறைவும் உடன் இருந்தால் ஏ2 அளவு தாழ்ந்து காட்டி ஏமாற்றவும் கூடும்.

இக்கூறு மட்டும் உடையவர் நோயாளி அல்லர். அவருக்கு மருந்தும் வேண்டா. ஆனால் கணவன், மனைவி இருவரிடமும் பீட்டா தலசீமியாக் கூறு இருந்தால், ஒவ்வொரு கருவிலும் குழந்தை கடும் தலசீமியாவுடன் பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அக்குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற நேரிடும். ‘சத்துக் குறைவு’ என்று ஆண்டுக்கணக்கில் மாத்திரை தந்துகொண்டிருப்பதன் உண்மையான இழப்பு இதுவே.

வேறு இரண்டையும் சுருக்கமாகச் சொல்வோம். ஹீமோஃபிலியா உடையவருக்குத் தசையில் ஊசி போடலாகாது. வலிக்கு ஆஸ்பிரினும் தரலாகாது. இதனை நோயாளரின் தாயார் மருத்துவரிடம் தயங்காது கூற வேண்டும். அடுத்தது தட்டணுக்கள். டெங்குக் காலத்தில் வீடெங்கும் அந்த எண்ணிக்கையே பேச்சு! சிலருடைய இரத்தத்தில் பரிசோதனைக் குழாயினுள் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால், இயந்திரம் பொய்யாகக் குறைத்துக் காட்டுவதுண்டு. உடலில் வேறு அறிகுறியே இல்லாதபோது, நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்தால் அச்சம் நீங்கும்.

நீங்கள் செய்யக் கூடியவை சில உண்டு. இரத்தப் பரிசோதனைத் தாள்களைத் தேதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். மலம் கறுக்கிறது, வயிறு கட்டுகிறது என்று மாத்திரையை நிறுத்தியிருந்தால் அதனை மறையாதீர்கள். மறைத்தால் மருத்துவர் வேறு நோயைத் தேடி அலைவார். எல்லாவற்றினும் முதன்மையானது, நாங்கள் எழுதித் தரும் கடிதம். பலர் அதனை வீட்டு அலமாரியில் பத்திரப்படுத்திவிடுகின்றனர். அது குடும்ப மருத்துவருக்காக எழுதப்பட்டது. தாம் அனுப்பிய நோயாளருக்கு இறுதியில் என்ன கண்டறியப்பட்டது என்பதை அவர் அறிய வேறு வழியில்லை. மணமாகாத உடன்பிறந்தோருக்கும் பரிசோதனை தேவை என்று அதில் குறித்திருப்போம். உள்ளூரில் இருந்து அதனைச் செய்விக்கக் கூடியவரும் அவரே.