அழித்து எழுதும் டிவிடியில் கடைக் கணக்கு

கேள்வி: எங்கள் மளிகைக் கடைக் கணக்கைத் தினமும் இரவு கடை அடைத்ததும் ஒரு டிவிடி-ஆர்டபிள்யூ டிஸ்க்கில் ஏற்றி வைக்கிறேன். புது டிஸ்க்கை முதலில் போட்டபோது கம்ப்யூட்டர் ஃபார்மட் செய்யச் சொன்னது. ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில் இருந்தவற்றில் பெரிய எண்ணான யுடிஎஃப் 2.50-ஐத் தேர்ந்தெடுத்தேன். என் கம்ப்யூட்டரில் நன்றாகத் திறக்கிறது. ஆடிட்டரின் பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் திறக்கவே மாட்டேன் என்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா? அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாமா? எத்தனை முறை அழிக்கலாம்?
- மளிகைக் கடைக்காரர், விருதுநகர்

பதில்: டிஸ்க் கெடவில்லை, ஐயா. நீங்கள் தேர்ந்தெடுத்த எண்தான் காரணம். யுடிஎஃப் என்பது டிஸ்க்கில் கோப்புகளை எப்படி அடுக்குவது, எது எங்கே இருக்கிறது என்று எப்படிக் குறித்து வைப்பது என்பதற்கான முறை. அதில் 2.01 வரைதான் எக்ஸ்பிக்குப் படிக்கத் தெரியும். 2.50-ஐப் புரிந்துகொள்வது விஸ்டாவும் அதற்குப் பின் வந்தவையும். ஆகவே பெரிய எண் என்றால் நல்லது என்று நினைக்க வேண்டாம். உங்கள் டிஸ்க் போகிற இடங்களிலேயே பழைய கம்ப்யூட்டர் எது என்று பார்த்து, அதற்கு ஏற்ற எண்ணைப் போடுங்கள். உங்களுக்கு 2.01 போதும்.

மறுபடி ஃபார்மட் செய்தால் டிஸ்க்கில் உள்ளதெல்லாம் போய்விடும். அதனால் முதல் வேலையாக அதில் இருக்கும் கணக்கு முழுவதையும் ஹார்டு டிஸ்க்கில் ஒரு ஃபோல்டருக்கு நகலெடுங்கள். இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். பிறகு டிவிடி டிரைவின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தி, 'ஃபார்மட்' என்பதில் போய் 2.01-ஐத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே 'குவிக் ஃபார்மட்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். டிக்கை எடுத்துவிட்டால் டிஸ்க் முழுவதையும் தொட்டு வரும், நேரம் பிடிக்கும். 2 எக்ஸ் வேகத்தில் ஒரு டிவிடி-ஆர்டபிள்யூவை முழுதாக அழிக்க அரை மணி நேரம் ஆகும்.

எதற்காக இரண்டு வழி? நீங்கள் தினமும் கையில் எடுக்கும் சரக்கை வைத்தே சொல்கிறேன். சர்க்கரைப் பாகைச் சட்டென்று ஆறவிட்டால் கண்ணாடி மாதிரி மிட்டாய் ஆகிறது. பொறுமையாக உறையவிட்டால் கற்கண்டாகப் படிகம் கட்டுகிறது. பாகு ஒன்றுதான், ஆறும் விதம்தான் வேறு. அழித்து எழுதும் டிஸ்க்கின் உள்ளே இருக்கும் மெல்லிய உலோகக் கலவையும் இப்படித்தான். பல டிஸ்க்குகளில் அது வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெல்லூரியம் ஆகிய நான்கின் கலவை. எழுதும்போது லேசர் ஒரு புள்ளியை 500 முதல் 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி உருக்குகிறது. அது நொடியில் குளிர்ந்து, படிகம் கட்ட நேரமில்லாமல் மங்கலாகிவிடுகிறது. அழிக்கும்போது 200 டிகிரி அளவுக்கு மிதமான சூடு போதும். மங்கிய புள்ளி மறுபடி படிகமாகிப் பளபளக்கும்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எழுதிய டிஸ்க்கின் அடிப்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். நடுவிலிருந்து எழுதிய தூரம் வரை ஒரு வளையம் சற்று நிறம் மாறித் தெரியும். குவிக் ஃபார்மட் கொடுத்த பிறகும் அந்த வளையம் அப்படியே இருக்கும். காரணம், அது அழிப்பது முன்பக்கத்துப் பொருளடக்கத்தை மட்டும்தான், பக்கங்களை இல்லை. மீட்டெடுக்கும் மென்பொருள் வைத்திருப்பவர் உங்கள் பழைய கணக்கை எடுத்துவிட முடியும். நாமே மறுபடி எழுதிக்கொள்ளக் குவிக் போதும். டிஸ்க் வேறொருவர் கைக்குப் போகிறது என்றால் முழுதாக அழித்துவிட்டுக் கொடுங்கள். குப்பையில் போடுவதானால் துணியில் சுற்றி உடைத்துப் போடுங்கள், சில்லு கையைக் கிழித்துவிடும்.

எத்தனை முறை அழிக்கலாம் என்று கேட்டீர்கள். சிடி-ஆர்டபிள்யூ, டிவிடி-ஆர்டபிள்யூ இரண்டுக்கும் தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு ஏறக்குறைய 1,000 முறை. தினம் ஒரு முறை என்றால் 2 வருடம் 9 மாதம் வரும். நடப்பில் அதற்கு முன்பே தேயலாம். பென் டிரைவ் போல இழுத்துப் போட்டு எழுதும்போது, ஒவ்வொரு கோப்பைச் சேர்த்தாலும் நீக்கினாலும் பொருளடக்கம் இருக்கும் இடம் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. அழிக்கும்போது பிழை காட்டுவது, எழுத வழக்கத்தைவிட நேரம் எடுப்பது, இரண்டில் எது வந்தாலும் அந்த டிஸ்க்கை ஓரம் கட்டிவிடுங்கள்.

இன்னொன்றும் மனதில் வையுங்கள். பல வருடம் முன்பு என் அண்ணன் கடையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. மறுநாள் போட்டுப் பார்த்தால் டிஸ்க் காலி என்று காட்டியது. கோப்புகள் உள்ளேதான் இருந்தன, பொருளடக்கம்தான் பாதியில் நின்றிருந்தது. முந்தின வாரத்து டிஸ்க் ஒன்று தனியாக இருந்ததால் தப்பித்தோம். டிரைவின் விளக்கு மினுக்குவது நின்ற பிறகு, திரையில் 'எஜெக்ட்' கொடுத்தே டிஸ்க்கை வெளியே எடுங்கள். யுபிஎஸ் இல்லாமல் எழுத வேண்டாம்.

உங்கள் கடைக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது. மூன்று ஆர்டபிள்யூ டிஸ்க் வாங்கி 1, 2, 3 என்று எண் போடுங்கள். தண்ணீர் மையுள்ள மெல்லிய பேனாவால் மேல்பக்கத்தில் எழுதலாம். வாரத்துக்கு ஒன்றாகச் சுழற்றுங்கள். ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டு இருக்கும். ஒரு டிஸ்க்கை எப்போதும் கடையில் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.

ஆடிட்டருக்குக் கொடுக்க மட்டும் இந்த டிஸ்க் வேண்டாம். அதற்கு ஒருமுறை மட்டும் எழுதும் டிவிடி-ஆர் வாங்குங்கள். விண்டோஸ் கேட்கும்போது பென் டிரைவ் போல என்பதை விட்டு, சிடி, டிவிடி பிளேயருக்கு என்ற வழியைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதி முடிக்கும் வழி அது, பழைய கம்ப்யூட்டர்களும் படிக்கும். மார்ச் 31 கணக்கை முடித்ததும் அப்படி இரண்டு எழுதி, ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு மற்றதைப் பீரோவில் வையுங்கள். யார் கை தவறினாலும் அதை அழித்து எழுத முடியாது.